என்னமோ கலந்திருக்குது

அந்த அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், ஏன் எழுதினாய், யார் சொல்லி எழுதினாய், எழுதச் சொன்னவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்பாள். பதில் சொன்னாலும் நம்ப மாட்டாள்.

திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு நான் சேர்ந்தபோது எங்கள் மேசைக்கு அவள்தான் பெரியவள். தைத்து வரும் பனியன்களைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் இருந்தால் ஒதுக்குவது எங்கள் வேலை. நான் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமான கையோடு திருப்பூருக்கு ரயில் ஏறியவள். அக்கா ஊத்துக்குளிக்காரி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.

முதல் நாள் நான் போய் நின்றதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பீஸை முழுசாகப் பார்த்து முடித்து மடித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஆரு கண்ணு உன்னைய இங்க அனுப்புனது?"

"யாரும் அனுப்பலக்கா. வெளிய ஆள் தேவைன்னு போர்டு பாத்தேன். வந்தேன்."

"போர்டு பாத்து வந்தவ நேரா என்ர மேசைக்கு எப்படி வந்தே?"

"மேனேஜர் போகச் சொன்னாரு."

"அப்ப மேனேஜரு அனுப்பியிருக்காரு. அதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

சில மாதம் வரைக்கும் என்னை மேனேஜரின் ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அதை மறைக்கவும் இல்லை. "இதைப் போயி அவருகிட்டச் சொல்லீராத" என்று என்னிடமே சொல்லிவிட்டுத்தான் அவரைத் திட்டுவாள்.

அந்த வேலைக்குச் சந்தேகம் நல்ல குணம். பனியனுக்குள் கையை விட்டு விரல்களை விரித்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புவாள். "இதுல என்னமோ இருக்குது" என்று சொல்லிவிட்டால் தேடினால் கிடைக்கும். ஊசி குத்திய பொட்டு அளவு ஓட்டையாவது இருக்கும். நல்ல பீஸ் என்று எதையும் அவள் சொன்னதில்லை. "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல" என்பாள். அதுதான் அவள் கொடுக்கும் பாஸ்.

எங்களுக்கு வீடும் அவள் பக்கத்திலேயே அமைந்தது. ஒரே வரிசையில் கட்டிய லைன் வீடுகள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டதால் வீட்டில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் மட்டும். அவர் எங்கள் கம்பெனி வேன் ஓட்டினார். காலையில் பல்லடம் பக்கம் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவார். அதற்காக எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிடுவார். எழுந்து, தானே காப்பி போட்டு, அக்காவை எழுப்பி அவள் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுத்தான் வேனை எடுப்பார். சத்தமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. லைன் வீட்டுப் பெண்களெல்லாம் அவரைக் காட்டித்தான் தங்கள் புருசன்மாரைத் திட்டுவார்கள்.

அப்படியிருந்த அக்காவுக்கு அந்த வருசம் என்ன ஆனதென்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை.

டிரிம்மரில்தான் தொடங்கியது. நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்திரி அது. அவளுடையது பழகிப்போய் கையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஒருநாள் பிசிறை வெட்டப்போய்ப் பனியனையே வெட்டிவிட்டாள். மறுநாளும் அதே. "என்ர டிரிம்மரை ஆரோ மாத்தி வெச்சிருக்கீங்க" என்றாள். இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தோம். அவள் கேட்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கி அதில் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அதுவும் நடுங்கியது.

"நூலோட சேத்து மாத்திட்டாளுக" என்று என் காதில் சொன்னாள்.

அடுத்தது மின்விசிறி. மார்கழிக் குளிரில் நாங்கள் துப்பட்டாவை இறுக்கிப் போர்த்திக்கொண்டு நிற்போம். அவளுக்கு முதுகெல்லாம் வேர்வை. "எனக்கு நேரா இருக்கிறதை மட்டும் ஆரோ குறைச்சு வெக்கறாங்க" என்பாள். நாற்காலி மேல் ஏறி நின்று ரெகுலேட்டரைப் பார்ப்பாள். முழு வேகத்தில்தான் இருக்கும். அதற்கும் காரணம் வைத்திருந்தாள். அவள் ஏறுவதைப் பார்த்ததும் திருப்பி வைத்துவிட்டார்களாம்.

பிறகு தையல்காரர். ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தெருமுனைத் தையல்காரர் அளவு ரவிக்கையை வைத்துக்கொண்டு வேறு யாருடையதையோ தந்துவிட்டார் என்று அவர் கடையில் போய்ச் சண்டை பிடித்தாள். அவர் அளவு நாடாவை எடுத்து அவள் தோளில் வைத்துக் காட்டினார். அக்கா நாடாவை வாங்கி அதன் நம்பர்களைச் சரிபார்த்தாள். இத்தனைக்கும் முன்னைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ் காலியான பிறகும் பசிக்கிறது என்பாள். அப்படியானால் டிபனிலிருந்து யாரோ எடுத்துத் தின்கிறார்கள் என்பது அவள் கணக்கு.

இரவில் தூக்கமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பாள். மறுபடியும் வந்து பார்ப்பாள்.

கம்பெனியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வயசு அப்படி, மாதவிலக்கு நிற்கிற நேரம் என்றார்கள். மகள் போன ஏக்கம் என்றார்கள். யாரோ செய்வினை என்றும் சொன்னார்கள். அது அவள் காதில் விழுந்து, செய்தது யார் என்று இன்னொரு விசாரணை நடந்தது.

எல்லாவற்றையும்விட மோசமானது டீ.

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், பதினெட்டு பத்தொன்பது வயசுதான் இருக்கும், கடையிலிருந்து கெட்டிலில் டீ வாங்கிவந்து எங்களுக்குக் காகித கப்பில் ஊற்றிக் கொடுப்பாள். அன்றைக்கு அக்கா பாதி குடித்துவிட்டு நிறுத்தினாள். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சுக்குழிக்கு மேலே வைத்தாள்.

"பாரு கண்ணு. எப்படி அடிக்குதுன்னு பாரு."

எனக்கே பயமாகிவிட்டது. உள்ளே ஓவர்லாக் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது.

"டீ குடிச்சதும்தான் இப்படி ஆகுது. நேத்தும் இப்படித்தான். இதுல என்னமோ கலந்திருக்குது." அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "ஆரு குடுத்தாங்க உனக்கு? சொல்லு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். பேரை மட்டும் சொல்லு."

அவளுக்குத் தமிழ் அரைகுறை. "நஹி அக்கா. டீ மட்டும். சீனி மட்டும்" என்றாள். அக்கா நம்பாததைப் பார்த்து, அவள் கையிலிருந்த கப்பைப் பிடுங்கி மிச்சத்தை மடமடவென்று குடித்துக் காட்டினாள்.

அக்கா அதையும் நிதானமாகப் பார்த்தாள். "மாத்து மருந்து முன்னாலயே குடிச்சிட்டு வந்திருப்பே" என்றாள்.

அந்தப் பெண் அழுதுகொண்டே பாத்ரூம் பக்கம் ஓடினாள். மேனேஜர் வந்து, "இனி ஒருக்கா இப்படி நடந்துச்சுன்னா நீங்க வேற கம்பெனி பாத்துக்குங்க அக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

சந்தேகம் ஒட்டுகிற சமாச்சாரம். மறுநாள் டீ வந்தபோது நான் கப்பை மோந்து பார்த்தேன். நிமிர்ந்தால், எதிரே நின்றவளும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே லைன் வீட்டில் பெரிய சண்டை. வேனில் பல்லடத்தில் ஏறுகிற ஒரு பெண், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவள். அவளும் தன் வீட்டுக்காரரும் ஒரு மாதிரியாக இருக்கிறார்கள் என்று அக்கா கத்தினாள்.

"அவ உங்க கையில பொட்டணம் குடுத்தா. கம்பெனி கேட்டுக்கிட்ட நின்னு என்ர கண்ணால பாத்தேன்."

"என்ன பொட்டணம்? ஒண்ணுமில்ல அம்மிணி. நீ எதையோ பாத்துட்டு என்னமோ பேசறே."

"இல்லீங்க, காயிதத்துல மடிச்சது. சட்டைச் சோப்புல போட்டுக்கிட்டீங்க."

"சோப்பைப் பாத்துக்கோ." சட்டைப் பையை அவர் வெளியே இழுத்துக் காட்டினார். காலியாக இருந்தது. வாசலில் கூடியிருந்த நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். அவர் கண் கலங்கியதையும் பார்த்தோம்.

"இப்பேர்ப்பட்ட அண்ணன் மேல போயி சந்தேகப்படுதீங்களேக்கா" என்றேன் நான்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் அந்த வேன்லதான சில நாள் வர்றே?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போல நான் அவளோடு பேசவில்லை. பேச வைத்தது அவள் உடம்புதான். மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கியது. கண் இரண்டும் வெளியே பிதுங்கி நிற்பதை அன்றுதான் நான் பக்கத்தில் பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் வேனோடு வெளியே போயிருந்தார். நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம், ஆட்டோ ஏன் இந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நாடி பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"எதுக்குங்க காயிதம்? எதுலீங்க கையெழுத்து வாங்கறீங்க?"

"கையெழுத்து இல்லம்மா. சும்மா பாருங்க."

தாள் படபடவென்று ஆடியது. காற்றில்லாத அறை அது. அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஆட்டாமல் அது ஆடுவதை அவளால் எதோடும் சேர்க்க முடியவில்லை.

தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொன்னார் டாக்டர். முதலில் நான் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவள் குடித்தாள். விழுங்கும்போது தொண்டையில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியது. ரத்தம் எடுத்தார்கள். குழாயில் தன் பெயரை ஒட்டும் வரை அக்கா அந்த நர்ஸை விட்டு நகரவில்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்கும் நான்தான் கூடப் போனேன். டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. உங்களுக்கு அது அளவுக்கு மீறிச் சுரக்குது. அதனால உடம்பே வேகமா ஓடுது. நெஞ்சு அடிச்சுக்கும், கை நடுங்கும், எவ்வளவு சாப்பிட்டாலும் இளைக்கும், சூடு தாங்காது, தூக்கம் வராது. காரணமே இல்லாம படபடப்பு வரும், கோவம் வரும். படபடன்னு வந்தா, யாரோ நமக்கு ஏதோ பண்றாங்கன்னு தோணும்."

அக்கா தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "அப்ப டீயில ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள்.

"டீயில டீதான் இருக்கும். ஆனா கொஞ்ச நாளைக்கு டீ, காப்பி குறைச்சுக்குங்க. இந்தப் படபடப்பை அது கூட்டும். மாத்திரையை விடாம சாப்பிடுங்க. ஒரு வாரத்துல சரியாயிடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கேக்கும். நடுவுல தொண்டை வலி, காய்ச்சல்னு வந்தா மட்டும் உடனே வந்துருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விரல்களை மடக்கினாள். டிரிம்மர், மின்விசிறி, ரவிக்கை, டிபன், டீ. ஒவ்வொன்றையும் சொல்லி என் முகத்தைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா ஆருமே எனக்கு ஒண்ணும் பண்ணலியா கண்ணு?"

அவள் குரலில் நிம்மதி இருந்தது. அதோடு ஒரு ஏமாற்றமும் இருந்ததாக எனக்குப் பட்டது. இத்தனை பேர் தன்னையே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று நம்பியவளுக்கு, யாரும் நினைக்கவே இல்லை என்று தெரிந்த மாதிரி.

மாத்திரை மெதுவாகக் கேட்டது. சில வாரங்களில் கை நடுக்கம் நின்றது. ரவிக்கை பழையபடி பிடித்தது. ஊத்துக்குளிக்குப் போய் வெண்ணெய் வாங்கிவந்து அந்த ஒடிசாப் பெண்ணிடம் கொடுத்து, "என்னைய மன்னிச்சிரு கண்ணு" என்றாள். அந்தப் பெண் வெண்ணெயை வாங்கிக்கொண்டு அவசரமாக நகர்ந்துவிட்டாள். அவளுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. அக்கா தையல்காரரிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள். கடைசியாக, லைன் வீட்டு வாசலில் நாங்கள் எல்லோரும் இருக்கும்போது, தன் வீட்டுக்காரர் காலில் விழுந்தாள்.

"உங்களைத் தப்பா நெனச்சுட்டனுங்க. பாக்காததையெல்லாம் பாத்தேன்னு சொல்லீட்டேன்."

அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார். "உடு அம்மிணி. நோவுதான் பேசுச்சு. நீ பேசல" என்றார்.

எங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த அக்காவைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

அவளுக்குக் குணமான பிறகு ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தது. அவளுக்கல்ல, மற்றவர்களுக்கு. அவள் எதைச் சொன்னாலும், "மாத்திரை போட்டாச்சா?" என்றார்கள். தையல் கோணலாக இருக்கிறது என்று ஒரு பண்டலைத் திருப்பி அனுப்பினால், கம்பெனி டெய்லர், "அக்காவுக்கு தைராய்டு ஏறிடுச்சு" என்பான். மேனேஜரும் சிரித்துக்கொண்டே அதையே கேட்பார். கேலிதான். ஆனால் அந்தப் பண்டல் திரும்ப வந்து பாஸ் ஆகிவிடும்.

அக்கா சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு பனியனை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். "நீ பாரு கண்ணு. இது ஓட்டைதானா, இல்ல எனக்குத் தோணுதா?" என்பாள். ஓட்டையாகத்தான் இருக்கும். ஒருநாள் அவள் மடித்து வைத்த பண்டலில், கழுத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையோடு ஒரு பீஸ் கிடந்தது. அவள் கையைத் தாண்டி அப்படி ஒன்று போய் நான் பார்த்ததே இல்லை. பேசாமல் எடுத்து ஒதுக்கி வைத்தேன்.

ஒரு காலை நேரம் டம்ளரோடு என் வாசலுக்கு வந்தாள். வேன் கிளம்பிப் போயிருந்தது. டாக்டர் குறைக்கச் சொன்னாலும் காலைக் காப்பியை மட்டும் அவள் விடவில்லை. புருசன் ஆசையாகப் போட்டுத் தருவதை எப்படி வேண்டாமென்பது என்பாள்.

"ஒரு வாய் குடிச்சுப் பாரு. கசப்புத் தட்டுதா?"

குடித்தேன். அடியில் லேசாக ஒரு கசப்பு இருந்தது. நாக்கில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியது. "சிக்கரி கூடிருக்கும்க்கா" என்றேன்.

"அப்படித்தான் இருக்கோணும்" என்றாள். போகாமல் நின்றாள். "என்ர நாக்கு வேற சொல்லுது கண்ணு. ஆனா அந்த நாக்கைத்தான் நம்ப முடியலியே. அன்னைக்கு டீயையும் இதே நாக்குதான சொல்லுச்சு."

"அண்ணன்கிட்டக் கேக்கலாம்லா?"

"கேட்டேன். மாத்திரை போட்டயா அம்மிணின்னு கேட்டாரு."

அதற்கு மேல் அவள் என்ன செய்வாள் என்று நான் யோசிக்கவில்லை. அவள் யோசித்திருந்தாள். லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். டாக்டர், இன்னும் தேதி வரவில்லையே, அதற்குள் ஏன் வந்தீர்கள் என்றாராம். மனசில் ஒன்று தோன்றுகிறது, அது நோவா நிசமா என்று தெரிய வேண்டும் என்று இவள் சொன்னாளாம். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அவர் எல்லாம் சரியான அளவில் இருக்கிறது என்றிருக்கிறார். இதை அவள் என்னிடம் சொன்னபோது அவள் கை என் தோள்மேல் இருந்தது. கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நாளைக்குக் காத்தால எங்கூட்டுக்கு வா. சும்மா உக்காந்துக்கோ. ஒண்ணும் பேச வேண்டாம்."

போனேன். என்னை அந்த நேரத்தில் பார்த்ததும் அவள் வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டார். டம்ளர்களைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாக வைத்தார். அக்கா தன் டம்ளரை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இன்னைக்கு இதை நீங்க குடிங்க."

அவர் சிரித்தார். "என்ன அம்மிணி, காலங்காத்தால?"

"குடிங்க."

"நீ மாத்திரை போட்டயா?"

"போட்டேனுங்க. ரத்தமும் குடுத்துப் பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்குதாமா. நீங்க இதைக் குடிங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்துக் குடித்திருக்கலாம். குடித்திருந்தால், அதில் ஒன்றுமில்லை என்று அக்கா நம்பியிருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் குடிக்கவில்லை. எழுந்து போய் அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு, காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். பிரித்தால், பச்சையும் பழுப்புமாக ஒரு பொடி.

பல்லடம் பக்கத்தில் ஒரு வைத்தியர் கொடுப்பாராம். கோபத்தைத் தணிக்குமாம். வேனில் வருகிற அந்தப் பெண்ணுக்கு அதே ஊர். அவளிடம் சொல்லித்தான் வாங்கிவரச் செய்திருக்கிறார்.

"நீ அப்ப எப்படிக் கத்துவே, தெரியுமா? ராத்திரியெல்லாம் தூங்காம நடப்பே. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. குடுக்கறேன்னு சொன்னாத் தின்ன மாட்டே. அதுதான்."

"செரீங்க. நோவு என்னன்னு தெரிஞ்ச பொறகும் எதுக்குப் போட்டீங்க?"

"எது கேட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மாத்திரையா, இதுவா? இதை நிறுத்தி, நீ திரும்ப அப்படி ஆயிட்டீன்னா?" அவர் அழுதார். அது நடிப்பில்லை. நிசமாகவே பயந்துபோன மனுசன் அவர்.

நான் எழுந்துபோய்விட நினைத்தேன். அக்கா என் கையை விடவில்லை. அவள் கத்தவும் இல்லை. பண்டலில் ஒவ்வொரு பீஸாக எடுத்துப் போடுவதைப் போலப் பேசினாள்.

"பொடி போட்டதைக்கூட உட்டுடலாமுங்க. நான் டீயில என்னமோ இருக்குதுன்னு கம்பெனியே கேக்கக் கத்துனப்ப, காப்பியில இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அந்தப் புள்ளையை அழ வெச்சேன். பொட்டணத்தைப் பாத்தேன்னு சொன்னேன், காலி சோப்பைக் காட்டுனீங்க. இந்த லைன் முன்னாடி உங்க கால்ல உழுந்தேன். அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல? நோவுதான் பேசுச்சுன்னீங்க. என்ர கண்ணையே நம்பாம, ஓட்டையைக்கூட இந்தப் புள்ளைகிட்டக் காட்டிக் கேட்டுட்டுத் திரிஞ்சேனுங்க."

வெளியே வேனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு போனார். காப்பி எல்லா டம்ளரிலும் ஆடை கட்டிக் கிடந்தது. என் டம்ளரையும் நான் தொடவில்லை.

பொடியை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். யார் கொடுத்தது என்பதை மட்டும் அக்கா சொல்லவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். இதில் என்னென்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது, இந்த நோவைக் கூட்டுகிற பொடிகளும் உண்டு, உடனே நிறுத்துங்கள் என்றார். அது என்ன பொடி, அவள் உடம்பை என்ன செய்தது, அல்லது ஒன்றுமே செய்யவில்லையா என்பது கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அக்கா அவரை விட்டுப் போகவில்லை. மகள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. காப்பியை மட்டும் தானே போட்டுக்கொண்டாள். அவருக்கும் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி ஒரே மூச்சில் குடிப்பார். பல்லடத்துப் பெண் வேனில் பின் சீட்டுக்கு மாறிவிட்டாள். யாரும் மாறச் சொல்லவில்லை.

மேசையில் அக்கா என்னிடம் பீஸை நீட்டிக் கேட்பது நின்றது. மேனேஜர் ஒருநாள் பழையபடி, "மாத்திரை போட்டாச்சுங்களா?" என்றார். "தவறாமப் போடறனுங்க. இந்தப் பண்டல் போகாதுங்க" என்றாள் குனிந்தபடியே. பண்டல் போகவில்லை.

அதற்குப் பின் கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பினோம். போவதற்கு முன் ஒருநாள் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார். இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் வருகிறார் என்றாள். அவள் கூப்பிடுவதில்லை, வேண்டாமென்றும் சொல்வதில்லை. டாக்டர் அறையில் அவர் கதவோரமாக, அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படபடப்பு இருக்காம்மா?"

"இல்லீங்க."

"தூக்கம்?"

"வருதுங்க."

"கோவம்?"

"வர வேண்டிய அளவுக்கு வருதுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். "முன்னாடி எல்லார் மேலயும் சந்தேகமா இருக்குன்னு சொல்லுவீங்களே, அது எப்படி இருக்கு?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு எப்போதும் வராது.

"எல்லாரு மேலயும் இல்லீங்க. இப்ப ஒருத்தரு மேல மட்டும்தான் இருக்குது. அதுக்கு மாத்திரை எழுத வேண்டாமுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. மாத்திரையைக் குறைத்திருப்பதாகச் சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் வேகமாக முன்னால் வந்து, "குடு அம்மிணி, நான் போயி வாங்கீட்டு வர்றேன்" என்று கையை நீட்டினார்.

அக்கா சீட்டை மடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க உக்காருங்க. நானே வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் இருந்த நீண்ட வரிசையில் போய்க் கடைசி ஆளாக நின்றாள்.